நான்கு டிகிரி

வெளியே ஏப்ரல்.
பாகலூர் சாலையில் தார் இளகி
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
குளிரறைக்குள் நான்கு டிகிரி.
ரோஜாவுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும்.
எங்களை யாரும் கேட்கவில்லை.

கம்பெனி தந்த ஜாக்கெட் ஆம்பளை அளவு.
மடித்துவிட்ட கை அவிழ்ந்து அவிழ்ந்து
வாளித் தண்ணீரில் நனையும்.
அதனால் ஓசூர் போனேன்.
ஒரே நிறத்தில் அரைக் கிலோ கம்பளி நூல் இல்லை என்றவர்
மிச்சக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார்:
மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, பீட்ரூட்,
ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை நீலம்,
இன்னதென்று சொல்லமுடியாத ஒரு பச்சை.
எல்லாம் போடுங்கள் என்றேன்.

பேரிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.
வேகத்தடைக்கு ஒரு கண்ணி நழுவும்.
என் அப்பன் கவுதாரிக்குக் கண்ணி வைத்தவன்.
பாதி நாள் வெறுங்கையோடு வருவான்.
நான் வைப்பது சூட்டுக்கு.
ஒன்று விட்டால்
வரிசையே ஓடிப்போகும்.

பூத்தண்டை அளக்கும் மேஜையில்
கையை நீட்டி அளந்துகொண்டேன்.
தோளிலிருந்து மணிக்கட்டு ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
தாஜ்மஹால் சிவப்பு அந்த நீளத்துக்கு
ஏற்றுமதிப் பெட்டியில் போகும்.

ஆறிலிருந்து இரண்டு வரை என் ஷிஃப்ட்.
போகும்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன்.
ஒரு திங்கட்கிழமை அதில் என் வாசம் இல்லை.
வெற்றிலை, கொஞ்சம் தைலம்.
தோள்பட்டை ஒரு விரல் இறங்கியிருந்தது.

இரண்டு மணி ஷிஃப்ட் சௌடம்மா.
முகம் தெரியும், அவ்வளவுதான்.
பூப்பெட்டி அட்டையைக் கிழித்து
'இது என்னுடையது' என்று எழுதி
ஸ்வெட்டரோடு குத்தி வைத்தேன்.
மறுநாள் அதே அட்டையின் பின்பக்கம்
கன்னடத்தில் நான்கு வரி.
டிரைவர் படித்துச் சொல்லியிருப்பார்.
கேட்கவில்லை.
மன்னிப்பாக இருந்தால்
மன்னிக்க வேண்டி வந்துவிடும்.

எழுத்து இனி ஆகாதென்று படம் போட்டேன்.
ஒரு பக்கெட், அதில் பச்சைத் தண்ணீர், ஒரு ஷாம்பூ பாக்கெட்.
முறுக்கிப் பிழியும் இரண்டு கைகள்,
மேலே பெரிய பெருக்கல் குறி.
அவளும் துவைத்தாள்.
துவைத்துக் கொடியில் தொங்கவிட்டாள்.
ஈரப் பாரத்தில் நீண்டு
என் முழங்காலைத் தொட்டது ஸ்வெட்டர்.
அன்றைக்கு நான் போட்ட படத்தில்
ஒரு கட்டில், ஒரு துண்டு, மல்லாந்து படுத்த ஸ்வெட்டர்,
பக்கத்தில் கோபமான ஒரு முகம்.
முகம் என்னைப் போலவே வந்திருந்தது.

அடுத்த திங்கள்
மடித்து ஆணிக்குக் கீழே பெட்டிமேல் வைத்திருந்தாள்.
மடிப்புக்கு மடிப்பு வேப்பிலை.

ஆடியில் முழங்கையில் முள் இழுத்தது
என் ஷிஃப்டிலா அவளுடையதிலா தெரியாது.
நான் பார்த்தபோது ஓட்டை இல்லை.
ஆரஞ்சு நூலில் ஒரு திட்டு,
நான் வாங்காத நிறம்.
கண்ணிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.
இடதுகைக்காரி.
பிரித்துத் திருப்பிப் போடக் கைவந்தது.
இரண்டு கண்ணி பிரித்தேன்.
அப்புறம் பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி பத்து.
காதலர்களுக்காக ஷிஃப்டைக் கலைத்துவிட்டார்கள்.
எல்லோரும் ஒன்றாகப் பன்னிரண்டு மணி நேரம்.
முதல்முறையாக அவளும் நானும் ஒரே மேஜையில்.
நடுவே நூறு கட்டு ரோஜா.
சீக்கிரம் வந்தவள் நான்,
ஸ்வெட்டர் என்மேல்.
அவள் ஆம்பளை ஜாக்கெட்டில்,
கை வாளிக்குள்.

சாப்பாட்டு மணி அடித்ததும்
அவள் இடது கையைப் பிடித்து
அளவுக்கோட்டின் மேல் வைத்தேன்.
நாற்பத்து நான்கு.
'உள்ளூர் சந்தைக்குத்தான் ஆகும்' என்றேன்.
கன்னடத்தில் நீளமாக ஏதோ திட்டினாள்.
திட்டிக்கொண்டே
டிபன் பைக்குள் கைவிட்டுத் தேடி
மேஜைமேல் வைத்தாள்
அந்த ஆரஞ்சு உருண்டையை.
முக்கால்வாசி மிச்சம் இருந்தது.